புல்லாங்குழல் அடைத்த மாதிரி ஒலிக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அண்ணா, குழலுக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு." வகுப்புக்கு வரும் பிள்ளைகள் மாதம் ஒருமுறையாவது இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு குழலை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் பாதிக்குப் பாதி பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். மீதியில் சிலவற்றுக்கு நூலும் பசையும் வேண்டியிருக்கும். குழல் செய்பவரிடம் போக வேண்டியவை கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் பல, வீட்டில் யாரோ உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்ததால் அங்கே போனவை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் நம் கர்நாடக இசைக் குழலுக்கு: ஒரு ஊதுதுளை, எட்டு விரல்துளை, மேல்முனை கணுவாலோ தக்கையாலோ அடைத்திருக்கும் மூங்கில் குழல். வட இந்தியாவின் ஆறு துளை மூங்கில் குழலான பன்சூரிக்கும் பெரும்பாலும் பொருந்தும். சாவிகள் வைத்த வெள்ளிக் குழலுக்குப் பொருந்தாது. அதன் கோளாறுகள் வேறு.

ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பது, டேப் ஒட்டுவது, மெழுகு வைப்பது, நூல் கட்டுவது எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அரம், கத்தி, உப்புத்தாள், சூட்டுக்கம்பி இந்த நான்கும் எடுத்த மூங்கிலைத் திருப்பித் தராது. முதல் வகையில் உள்ளதையெல்லாம் செய்து முடிக்கும் வரை இரண்டாவது பக்கம் போகாதீர்கள்.

தொடங்கும் முன்: கோளாறு குழலிலா, ஊதுபவரிடமா?

உங்கள் குழலை இன்னொருவர் ஊதட்டும். அவருடைய குழலை நீங்கள் ஊதுங்கள். அவர் கையில் உங்கள் குழல் நன்றாகப் பேசினால் குழலை விட்டுவிட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். ஊதுதுளையை உதடு எவ்வளவு மூடுகிறது? மூன்றில் ஒரு பங்கு மூடினால் சரி. களைப்பாக இருக்கும்போது கீழுதடு தானாக முன்னேறிப் பாதித் துளையை அடைத்துவிடும். உதடு வெடித்திருந்தாலும், மீசை முடி துளைமேல் விழுந்தாலும் இதே அடைத்த ஒலிதான் வரும். மீசையைக் கொஞ்சம் கத்தரித்ததும் குழல் சரியானதை நான் பார்த்திருக்கிறேன்.

இருவர் ஊதினாலும் அடைப்பு இருந்தால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அறிகுறி 1: தொடக்கத்தில் நன்றாக இருக்கிறது, இருபது முப்பது நிமிடம் ஊதியதும் அடைக்கிறது

இது ஈரம். மூச்சுக்காற்றின் நீர், குளிர்ந்த மூங்கிலின் உள்சுவரில் துளியாகப் படிகிறது. ஏசி அறையில் இன்னும் சீக்கிரம் படியும்.

ஊதுதுளைக்கு எதிர் விளிம்பைப் பாருங்கள். உதட்டுக்கு அந்தப் பக்கம், காற்று போய் மோதும் விளிம்பு அது. அங்கே ஒரு சின்னத் துளி நின்றாலே போதும், எல்லாச் சுரமும் மங்கிவிடும். சுண்டுவிரல் நுனியில் மெல்லிய துணியைச் சுற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அப்புறம் பழைய பருத்தி வேட்டித் துண்டு ஒன்றைக் குச்சியின் நுனியில் கட்டிக் கீழ்முனை வழியாக உள்ளே விட்டு, திருகிக்கொண்டே வெளியே எடுங்கள். புதுத் துணி வேண்டாம், அது இழை விடும்.

கச்சேரிக்கு முன்பு, எல்லா விரல்துளைகளையும் மூடிக்கொண்டு ஊதுதுளை வழியாக வாயால் மெதுவாக வெதுவெதுப்பான காற்றை இரண்டு மூன்று நிமிடம் விட்டால் உள்சுவர் சூடாகி ஈரம் படிவது குறையும். ஈரத்தைக் காயவைக்கிறேன் என்று வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். அறிகுறி 3-க்குப் போவதற்கு அதுதான் குறுக்கு வழி.

துடைத்த ஐந்து நிமிடத்தில் மறுபடி அடைத்தால் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி 2: எல்லாச் சுரமும், எப்போதும், முதல் ஊதலிலிருந்தே மங்கல்

*முதலில்: உள்ளே எதாவது இருக்கிறதா?* போன் டார்ச்சை ஊதுதுளைமேல் வைத்துவிட்டு, கீழ்முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள். உட்சுவர் முழுக்க ஒரே சீராக மின்ன வேண்டும். கறுப்புத் திட்டு, தொங்கும் இழை, மண் எதுவும் தெரியக் கூடாது.

மண் என்றால் மண்தான். ஒருமுறை ஒரு பையன் கோடை விடுமுறை முழுக்கத் திண்ணைச் சுவரில் தொங்கவிட்டிருந்த குழலைக் கொண்டுவந்தான். டார்ச் அடித்தால் வெளிச்சம் பாதியிலேயே நின்றது. குளவி உள்ளே நுழைந்து கூடு கட்டியிருக்கிறது. செம்மண் வில்லை ஒன்று, அதற்குப் பின்னால் காய்ந்த சிலந்திகள் இரண்டு மூன்று. மண்ணை நனைக்காமல், மழுங்கிய மரக்குச்சியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்துத் தட்டி எடுத்தோம். கம்பி உட்சுவரைக் கீறும், அதனால் பயன்படுத்தவில்லை. அரை மணி நேரம் பிடித்தது. குழல் பழைய குரலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து உறையில் போடாமல் யாரும் குழலை வைப்பதில்லை.

மண்ணுக்குப் பதில் மாவு மாதிரி மஞ்சள் தூள் கொட்டினால் அது வண்டு துளைப்பது. வெளிச்சுவரில் குண்டூசி முனை அளவு துளைகளைத் தேடுங்கள். இருந்தால் அந்தக் குழலை மற்றக் குழல்களிடமிருந்து உடனே பிரித்து வைத்து, செய்பவரிடம் காட்டுங்கள். சுவருக்குள் எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

*அடுத்து: எண்ணெய்.* குழலுக்கு எண்ணெய் விடுவது நல்லதுதான், ஆனால் அளவு மீறுவது நம் வழக்கமாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். வீட்டில் நன்றாக இருந்த குழல், 22 டிகிரி ஏசி மேடையில் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்: உள்ளே வெள்ளைப் படலம் கட்டியிருக்கும். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். உலர்ந்த துணியால் திரும்பத் திரும்ப, துணியில் கறை ஏறாமல் போகும் வரை துடையுங்கள். சோப்பு நீரில் ஊறப்போட வேண்டாம். இனிமேல் எண்ணெய் விடும்போது துணியில் நாலைந்து சொட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மறுநாள் காலையில் மீதியைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். கச்சேரிக்கு முந்தின நாள் எண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

*அப்புறம்: ஊதுதுளையின் விளிம்பு.* நல்ல குழலில் எதிர் விளிம்பை விரல் நகத்தால் தொட்டால் ஒரு தெளிவான முனை தட்டுப்படும். வெட்டுகிற கூர்மை இருக்கக் கூடாது, உருண்டும் இருக்கக் கூடாது. உதட்டுச் சாயம், பவுடர், எச்சில் எல்லாம் சேர்ந்து அங்கே மெழுகு மாதிரி படிந்திருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்து விளிம்பின் உட்பக்கத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு ஊதிப் பாருங்கள்.

படிவு எதுவும் இல்லாமல் விளிம்பே மழுங்கியிருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இது செய்பவர் கை வைக்க வேண்டிய இடம். என்னுடைய முதல் நாலரைக் கட்டைக் குழலின் (கட்டை என்பது சுருதியின் அளவு; எண் குறையக் குறையக் குழல் நீளும்) விளிம்பை "கொஞ்சம் சுத்தம் செய்யலாம்" என்று உப்புத்தாளால் இரண்டே இழுப்பு இழுத்தேன். ஒரு தலைமயிர் அளவுகூடப் போயிருக்காது. அதற்குப் பிறகு அது ஒருநாளும் பழையபடி பேசவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அந்த விளிம்பை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

*குழல் பெரியதானால்:* ஐந்து கட்டைக் குழலில் பழகியவர் இரண்டு, இரண்டரைக் கட்டைக்குப் போனதும் "அடைக்கிறது" என்பார். குழல் வித்வான் என். ரமணி நீளக் குழல்களைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்திய பிறகு எல்லோருக்கும் அந்த ஆழ்ந்த நாதத்தில் ஆசை. அதன் இயல்பே மெத்தென்ற குரல்தான். மூச்சு நிறைய வேண்டும், வேகம் குறைவாக வேண்டும். சின்னக் குழலுக்கு ஊதுகிற மாதிரி அழுத்தி ஊதினால் மூச்சுதான் வீணாகும். இரண்டு வாரம் நீண்ட சுரங்கள் மட்டும் ஊதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிகுறி 3: மேலே சரி, கீழே இறங்க இறங்க மங்கி, மந்தரத்தில் செத்துப்போகிறது

காற்று எங்கோ கசிகிறது. எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது சுலபம்.

*விரலா, குழலா?* செல்லோ டேப்பை எடுங்கள். முதல் இரண்டு துளைகளையும் டேப்பால் மூடி ஊதினால் சட்ஜம். நன்றாக இருந்தால் மூன்றாவதை மூடுங்கள், ஊதுங்கள், அடுத்தது, அடுத்தது, ஏழாவது வரை. எட்டாவது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். எட்டில் ஒன்றை முத்திரை என்று விலக்கிவிட்டு மீதி ஏழில் விரல் வைத்து ஊத வேண்டும் என்று சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலேயே இருக்கிறது. இருந்தும் பல பிள்ளைகளின் வலது சுண்டுவிரல் ஓய்வெடுக்கப் போய் உட்காருவது அந்தத் துளையில்தான். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேப் போட்டபோது ஏழும் தெளிவாக வந்தால் கசிவு உங்கள் விரலில். பெரும்பாலும் மோதிர விரல்கள்தான். விரலின் நுனியால் மூடாமல் நுனிக்குப் பின்னாலுள்ள சதையால் மூடுங்கள். ஊதி முடித்ததும் விரலைப் பார்த்தால் துளையின் வட்டம் அச்சாகப் பதிந்திருக்கும். பிறை மட்டும் பதிந்திருந்தால் அந்த விரல்தான் ஆள்.

டேப் போட்டும் ஒரு குறிப்பிட்ட துளையிலிருந்து மங்க ஆரம்பித்தால், அந்தத் துளையைச் சுற்றியுள்ள இடத்தில் விரிசலைத் தேடுங்கள். எல்லாமே மங்கல் என்றால் ஊதுதுளைக்குப் பக்கத்திலோ தக்கையிலோ கசிவு.

*உறிஞ்சிப் பார்க்கும் சோதனை:* எட்டுத் துளைகளையும் டேப்பால் மூடி, கீழ்முனையை உள்ளங்கையால் இறுக்கி அடைத்து, ஊதுதுளையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சி, உடனே நாக்கு நுனியால் துளையை மூடுங்கள். நாக்கு இரண்டு மூன்று வினாடி ஒட்டி நின்று, எடுக்கும்போது 'ப்ளக்' என்று விட்டால் கசிவு இல்லை. ஒட்டவே இல்லை என்றால் இருக்கிறது. மேல்முனையில் மெழுகை அழுத்தி வைத்து மறுபடி உறிஞ்சுங்கள். இப்போது ஒட்டினால் குற்றவாளி தக்கையோ கணுவோ.

*தக்கை காய்ந்து சுருங்கியிருந்தால்:* எடுக்கும் முன் அதன் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, அதே இடத்துக்குத் தள்ளுங்கள். ஒட்டியிருக்கும் தக்கையை இழுக்காதீர்கள், மூங்கில் பிளக்கும். அப்போது மேல்முனையில் தேன்மெழுகு உருக்கி ஊற்றினால் போதும்.

*மயிரிழை விரிசல்:* இதுதான் நம் ஊரில் அடிக்கடி வருவது. சித்திரை வெயிலில் காரில் விட்டது, நாள் முழுக்க ஏசியில் கிடந்தது, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் குளிர்கால ஹீட்டர் பக்கத்தில் வைத்தது. பொதுவாக முனைகளில் தொடங்கி இழையோடு ஓடும். வெளிச்சத்தில் குழலைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சந்தேகமான கோட்டின்மேல் நீளவாட்டில் டேப் ஒட்டி ஊதுங்கள். குரல் திரும்பினால் அதுதான்.

சரிசெய்யும் முறை: விரிசல் நீளத்துக்கு ஃபெவிக்விக் மாதிரி நீர்த்த பசையைக் குண்டூசி முனையில் தொட்டுத் தொட்டு வையுங்கள். கொட்ட வேண்டாம், விரிசல் தானே குடிக்கும். காய்ந்ததும் இன்னொரு முறை. வழிந்ததைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். அந்தப் பசை பருத்தியில் பட்டால் கை சுடும் அளவுக்குச் சூடாகும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பசை விரிசலை அடைக்கும், ஆனால் அடுத்த வெயிலில் மறுபடி திறக்காமல் பிடிப்பது நூல்தான். மெழுகு தேய்த்த நைலான் நூலை எடுங்கள். ஒரு நுனியை வளையமாக மடித்துக் குழல்மேல் படுக்கவைத்து, அதன்மேல் நூலை நெருக்கமாக, சுற்றுக்குச் சுற்று இடைவெளி இல்லாமல், இழுத்துச் சுற்றிக்கொண்டே போங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம் வந்ததும் நூலை வெட்டி, அந்த நுனியை வளையத்துக்குள் நுழையுங்கள். தொடங்கிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இழுத்தால் வளையம் நுனியோடு சேர்ந்து சுற்றுக்கு அடியில் போய்ப் பதுங்கிவிடும். முடிச்சே தெரியாது. வெளியே நிற்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள். முனைக்கு ஒன்று, விரிசல் முடியும் இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இடமிருந்தால் இன்னொன்று.

விரிசல் ஊதுதுளை வழியாகவோ விரல்துளை வழியாகவோ ஓடினாலும், நகம் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தாலும் பசையைத் தொடாமல் செய்பவரிடம் கொடுங்கள். பசை காய்ந்து கெட்டியான பிளவைச் சேர்ப்பது அவருக்கும் கஷ்டம்.

குளிர் நாட்டில் இருப்பவர்கள் குழல் பெட்டிக்குள், துளை போட்ட சோப்புப் பெட்டியில் ஈரப் பஞ்சு ஒன்றைப் பிழிந்து வையுங்கள். சொட்டக் கூடாது.

அறிகுறி 4: கீழே நன்றாக இருக்கிறது, மேல் ஸ்தாயி அடைக்கிறது அல்லது பிடிவாதமாக வர மறுக்கிறது

முதலில் உதடு. மேலே போகும்போது உதட்டுத் திறப்பைச் சிறிதாக்காமல் மூச்சை மட்டும் தள்ளினால் இப்படித்தான் ஆகும். இன்னொருவர் ஊதினால் சரியாக வருகிறதா என்று மறுபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தக்கை நகர்ந்திருக்கிறதா என்பது. ஊதுதுளையின் நடுவிலிருந்து தக்கை வரை உள்ள தூரம், ஏறத்தாழக் குழலின் உள்விட்டம் அளவுக்கு இருக்கும். ட்யூனர் ஆப் ஒன்றில் மத்திய சட்ஜத்தையும் தார சட்ஜத்தையும் ஊதிப் பாருங்கள். மேலே உள்ளது இறங்கி ஒலித்தால் தக்கையை ஊதுதுளை பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். ஏறி ஒலித்தால் வெளியே எடுங்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இயற்கைக் கணுவால் அடைத்த குழலில் நகர்த்த ஒன்றும் இல்லை. அதில் இந்தக் குறை பிறவியிலேயே இருந்தால் செய்பவரிடம் கேளுங்கள், ஆனால் பெரும்பாலும் வேறு குழல்தான் பதில்.

அறிகுறி 5: ஒன்றிரண்டு சுரம் மட்டும் மங்கல்

பக்கத்து விரலைப் பாருங்கள். திறந்திருக்க வேண்டிய துளைக்கு மேல் விரல் மிகத் தாழ்வாக மிதந்தாலே அந்தச் சுரம் இறங்கும், மங்கும். ஒரு விரல் அகலமாவது உயர்த்துங்கள்.

துளைக்குள் அழுக்கோ இழையோ இருந்தால் பஞ்சுக்குச்சி போதும். பாதித் துளை மூடி எடுக்கும் சுரங்கள் முழுத் துளைச் சுரங்களைவிடக் கொஞ்சம் மறைவாகத்தான் ஒலிக்கும். அது குழலின் குரல், கோளாறு இல்லை.

சுரம் மங்கலாகவும் சுருதி குறைந்தும் இருந்தால் துளை சிறியது. பெரிதாக்குவது செய்பவர் வேலை. சுருதி ஏறியிருந்தால் துளையின் மேல் ஓரத்தில், அதாவது ஊதுதுளை பக்கம், கடுகளவு தேன்மெழுகு வைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் குச்சியால் எடுத்துவிடலாம்.

அறிகுறி 6: வீட்டில் மணி மாதிரி, கோயில் திருவிழாவிலோ சபாவிலோ போனால் அடைப்பு

இதற்காகக் குழலைப் பிரித்துப் பார்த்தவர்கள் நிறைய. கோளாறு சுருதியில்.

சூடு ஏறினால் குழலின் சுருதி ஏறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட், அரைக் கட்டைக்கு 100 சென்ட். 22 டிகிரி அறையில் சேர்த்துப் பழகிய குழல் 34 டிகிரிப் பந்தலில் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கும். சுருதிப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. காது பொறுக்காமல், ஊதுபவர் தன்னை அறியாமல் குழலை உள்பக்கம் உருட்டிச் சுருதியை இறக்குகிறார். உதடு துளையை மூடுகிறது. ஒலி அடைக்கிறது. குளிர் அரங்கில் இதற்கு நேர்மாறு: சுருதி இறங்கும், வெளியே உருட்டி அழுத்தி ஊதுவார்கள், மூச்சுச் சத்தம் இரையும்.

குழலைத் தொடாதீர்கள், சுருதிப் பெட்டியின் நுண்திருகைத் திருப்புங்கள். உதட்டை வழக்கமான இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகு சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் குழலுக்குச் சேருங்கள். வயலினையும் மிருதங்கத்தையும் அதற்கப்புறம் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். தந்தியை முறுக்கலாம், வாரைத் தட்டலாம், மூங்கிலை நீட்டவோ குறுக்கவோ முடியாது என்று அவர்களுக்கும் தெரியும்.

செய்பவரிடம் கொண்டுபோகும்போது

மழுங்கிய ஊதுவிளிம்பு, துளை வழியாக ஓடும் விரிசல், வண்டு, துளைச் சுருதி. இந்த நாலுக்கும் தயங்காமல் போங்கள். போகும்போது என்ன சோதனை செய்தீர்கள், எந்தச் சுரத்தில் மங்குகிறது, டேப் போட்டால் என்ன ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருடைய நேரம் பாதியாகக் குறையும். செலவு புதுக் குழலின் விலையை நெருங்கும் என்றால் அவரே சொல்லிவிடுவார். அப்போது புதிதை வாங்குங்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் நூல் கட்டப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.